சேமக்காலையில் ஐந்தாவது கல்லறை

ஊர்காவற்றுறை
12.09.2023

அன்புள்ள நிமலன் அண்ணைக்கு,

நான் பிரேமினி. அன்ரனிதாசின்ர தங்கச்சி. நீங்கள் முதல்முதல் அனலைதீவுக்குப் படிப்பிக்க வந்த காலத்தில, உங்களையும் மற்ற வாத்திமாரையும் கடலால ஏத்திக்கொண்டு போன லோஞ்ச் எங்கட அண்ணான்ர. மறந்திருக்கமாட்டீங்கள் எண்டு நினைக்கிறன்.

இப்ப திரும்பவும் அதே பள்ளிக்கூடத்துக்கு உப அதிபரா வந்திருக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். போன் இலக்கம் கேட்டு எடுத்திருக்கலாம். ஆரிட்டக் கேட்டாலும் ஏன் எண்டு கேப்பினம். அதுதான் கடிதம். உறையில அனுப்புறவர் பேர் போடேல்லை, பயப்பிடாதேங்கோ.

விசயத்துக்கு வாறன். யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன அமைப்பில வேலை செய்யிறன். எங்களை மாதிரி ஆக்களுக்கான அமைப்பு. "எங்களை" எண்டதை நீங்கள் சரியாத்தான் வாசிச்சிருக்கிறீங்கள். எனக்கு முப்பத்திநாலு வயது. கலியாணம் முடிக்கேல்லை, முடிக்கப்போறதும் இல்லை. என்னோட ஒருத்தி இருக்கிறா. அம்மாவுக்குத் தெரியும். அதைப்பற்றி நாங்கள் கதைக்கிறேல்லை.

வாற நவம்பர் நாலாம் திகதி, சனிக்கிழமை, எங்கட கோயில் சேமக்காலையில ஒரு நடை வைக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்தும் கொழும்பில இருந்தும் ஒரு இருவது பேர் வருவினம். நான் முன்னுக்கு நடந்து, ஒவ்வொரு கல்லறையா நிப்பாட்டி, உள்ள படுத்திருக்கிறவை எப்பிடி வாழ்ந்தவை எண்டு சொல்லுவன். ஆம்பிளையை விரும்பின ஆம்பிளையும், பொம்பிளையை விரும்பின பொம்பிளையும், பிறந்தபடி இருக்க ஏலாத ஆக்களும் தீவுக்கு நேற்று வந்தவை இல்லை எண்டு காட்டத்தான். ரெண்டு வருசமாத் தேடினனான். கோயில்ப் பதிவுப் புத்தகம், வயசுபோன ஆக்களின்ர வாய், அவ்வளவுதான் ஆதாரம்.

வஸ்தியாம்பிள்ளை எண்டு ஒராள். கூத்தில ராணி வேசம் கட்டினவர். கூத்து முடிஞ்சாப் பிறகும் சேலையைக் கழட்டேல்லையாம். இருவத்தாறு வருசம் கரைவலை இழுக்கிற சனம் முழுக்க "ராணியக்கா" எண்டுதான் கூப்பிட்டது. செத்த அண்டைக்குத் தம்பிமார் தலைமயிரை வெட்டி, காற்சட்டை போட்டுத் தாட்டுப்போட்டினம். பிறகு மரியப்பிள்ளையும் எலிசம்மாவும். ரெண்டு பேருக்கும் ஒரே கல். உறவு என்ன எண்டு கல்லில இல்லை. ஒரு தையல் மெசினை வைச்சு நாப்பது வருசம் ஒரு வீட்டில சீவிச்சவை. இப்பிடி நாலு கல்லறை.

ஐஞ்சாவது அண்ணான்ர.

அந்த இடத்தில அண்ணா விரும்பின ஆளைப்பற்றிச் சொல்லாமல் என்னால கதை சொல்ல ஏலாது. உங்கட பேரைச் சொல்லலாமோ எண்டு கேட்டுத்தான் எழுதுறன். பதில் போடுங்கோ.

இப்படிக்கு
பிரேமினி


அனலைதீவு
20.09.2023

பிரேமினிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் வைத்துப் பிரிக்கவில்லை. நல்ல வேளை.

உமது கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். என் பெயரையோ, தொழிலையோ, நான் எந்தத் தீவுக்காரன் என்பதையோ எந்த விதத்திலும் சொல்ல வேண்டாம். இங்கே எட்டுப் பேர்தான் அந்த லோஞ்சில் போய் வந்த ஆசிரியர்கள். "ஒரு வாத்தியார்" என்று நீர் சொன்னாலே போதும், மிச்சத்தை ஊர் கண்டுபிடித்துவிடும்.

எனக்கு இறுப்பிட்டியில் மனைவி இருக்கிறா, துஷாந்தி. பத்து வயதில் மகள் தர்சனா. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புகிறேன். எவரும் விரல் நீட்டாத வாழ்க்கை. இதைக் குற்றமாக்கும் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வருகிறது. இன்னும் மாறவில்லை. மாறினாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டம் மாறாது.

மயானத்தில் கூட்டம் கூட்டி, இறந்தவர்களின் அந்தரங்கத்தை வெளியூர்க்காரருக்குச் சுற்றிக் காட்டுவது சரியா என்றும் ஒருமுறை யோசியும். இறந்தவருக்கு இனி ஒன்றும் வராது. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் வரும்.

மீண்டும் இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

நிமலன்


ஊர்காவற்றுறை
27.09.2023

நிமலன் அண்ணைக்கு,

எழுத வேண்டாம் எண்டீங்கள். எழுதுறன்.

"இறந்தவருக்கு இனி ஒன்றும் வராது." வடிவாத்தான் எழுதியிருக்கிறீங்கள். அண்ணாவுக்கு என்ன வந்தது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்லை. நான் சொல்லுறன். 2011 நவம்பர் கடைசியில அண்ணாவை வன்னியில ஒரு செபவீட்டுக்குக் கொண்டுபோச்சினம். "பிசாசு பிடிச்சிருக்கு, போதகர் கை வைச்சால் போயிடும்" எண்டு ஆரோ அம்மாவுக்குச் சொல்லியிருக்கினம். பத்து நாள் உபவாசம். அதுக்கிடையில வயித்துக்குத்து. பிசாசு போகேக்க அப்பிடித்தான் குத்துமாம். அப்பென்டிக்ஸ் வெடிச்சு மூண்டு நாள் கிடந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கே முடிஞ்சுது. டிசம்பர் ஒன்பது. இருவத்தெட்டு வயது. கல்லில "சுகவீனம் காரணமாக" எண்டு கிடக்கு.

நீங்கள் செத்த வீட்டுக்கு வரேல்லை. முப்பத்தோராம் நாளுக்கு வரேல்லை. மார்ச்சில உங்கட கலியாணம் எண்டு லோஞ்சில வந்த ஆக்கள் சொல்லிச்சினம். மூண்டு மாதம், அண்ணை. கல்லறைக்குச் சீமெந்து பூசக்கூட இல்லை அப்ப.

இன்னொண்டும் கேக்கிறன். அண்ணாவைப்பற்றி அம்மாவுக்கு ஆர் சொன்னது? உங்கட வீட்டு ஆக்கள்தான் வந்து சொல்லிப்போட்டுப் போனவை எண்டு ஊரில கதை. உங்களைக் காப்பாத்திறதுக்கு எங்கட பக்கம் தள்ளிவிட்டவையாம். நான் அதை நம்பிக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருக்கிறன்.

அண்ணா தனிய ஒரு விசரன் எண்டு நான் அந்த இடத்தில சொல்லமாட்டன். அவரையும் ஒராள் விரும்பினது எண்டு சொல்லத்தான் போறன். பேரை விடுறதோ சொல்லுறதோ எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.

பிரேமினி


ஊர்காவற்றுறை
12.10.2023

திருவாளர் நிமலன் அவர்களுக்கு,

இனி உங்களை அண்ணை எண்டு எழுத எனக்கு மனமில்லை.

நேற்று எங்கட பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு விட்டவர். அறையில கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிப்போட்டு, தான் நிண்டுகொண்டே கதைச்சார். நடைக்குத் தந்த அனுமதியைத் திருப்பி எடுக்கிறாராம். "எனக்கு மேல ஆக்கள் இருக்கினம் பிள்ளை. கடிதம் ஆயருக்கும் பிரதி போட்டு வந்திருக்கு" எண்டார். மேசையில கிடந்ததை வாசிக்கத் தந்தவர். கொம்பியூட்டரில அடிச்ச மொட்டைக்கடிதம். கீழ "பங்கு மக்கள்" எண்டு போட்டிருந்தது.

"புனித மயானத்தில் ஒழுக்கக்கேட்டுக்கு ஊர்வலமா?" எண்டு துவங்குது. அடுத்த பந்தியிலயும் மயானம். முடிவிலயும் மயானம்.

இந்தப் பங்கில ஐந்நூறு குடும்பம் இருக்கு. வலை இழுக்கிற கிழவரில இருந்து முதல்நன்மை எடுக்கிற பிள்ளை வரைக்கும் ஒருத்தரும் சேமக்காலையை மயானம் எண்டு சொல்லமாட்டினம். எங்களுக்கு அந்தச் சொல் வாயில வராது. அது சைவ ஆக்களின்ர சொல், உங்கட பக்கத்துச் சொல். உங்கட முதல்க் கடிதத்திலயும் அதைத்தான் எழுதினனீங்கள். எடுத்து வைச்சுப் பாத்தனான்.

நான் சுவாமிக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை எண்டு எனக்கே தெரியேல்லை.

நீங்களோ இல்லையோ? ஒரு சொல்லில பதில் போடுங்கோ.

பிரேமினி


அனலைதீவு
16.10.2023

பிரேமினிக்கு,

ஓம்.

ஒரு சொல் கேட்டீர், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை.

அதை அடித்து முடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. பள்ளிக்கூடக் கணினியில், பிள்ளைகள் போன பிறகு. "ஒழுக்கக்கேடு" என்ற சொல்லை அடிக்கும்போது கை கூசியது. அடித்தேன். உம்மைக் காயப்படுத்த வேண்டும் என்று செய்யவில்லை. இரண்டாவது கடிதத்தில் "பேரை விடுறதோ சொல்லுறதோ" என்று ஒரு வரி போட்டிருந்தீர். அந்த வரியோடு என்னால் உறங்க முடியவில்லை. தர்சனா வகுப்பில் முதலாம் பிள்ளை. அவளை எவராவது ஒன்று சொல்லிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்?

நடை நின்றுவிட்டது. நீரும் இதை இத்தோடு விடும். மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை. ஆகவே கேட்கவில்லை.

நிமலன்


அனலைதீவு
23.10.2023

பிரேமினி,

நீர் என்ர வீட்டுக்குப் போயிருக்கிறீர்.

வெள்ளிக்கிழமை வாசலில சப்பாத்தைக் கழட்டேக்க துஷாந்தி சொன்னா, "உங்களைத் தேடி ஊர்காவற்றுறையில இருந்து ஒரு பிள்ளை புதன்கிழமை வந்தது. பழைய லோஞ்ச்காரற்ர தங்கச்சியாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டுது" எண்டு. "என்ன சொன்னது?" எண்டு கேட்டன். "ஒண்டும் சொல்லேல்லை. தர்சனான்ர படம் கீறின கொப்பியைப் பாத்தது. சுவரில எங்கட கலியாணப் படத்தை நிண்டு பாத்தது. திகதி கேட்டது. நான் சொன்னன்" எண்டா.

திகதி கேட்டனீராம்.

எதுக்குப் போனனீர்? என்னை வெருட்டவோ? நீர் புதன்கிழமை போனது நான் இல்லாத நாள் பாத்துத்தானே? அண்டையில இருந்து துஷாந்தி என்னை ஒரு மாதிரிப் பாக்கிறா. "ஏன் வேர்க்குது உங்களுக்கு?" எண்டு கேட்டா.

சரி. நீர் இவ்வளவுக்கு வந்திட்டீர், நானும் வாறன். பன்னிரண்டு வருசமா வாய் திறக்காமல் வைச்சிருந்ததைச் சொல்லுறன்.

அம்மாவுக்கு ஆர் சொன்னது எண்டு என்னட்டையே கேட்டு எழுதினனீர். என்ர வீட்டு ஆக்கள் எண்டும் எழுதினனீர். பிரேமினி, அது பொய் எண்டு உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அன்ரனிதாசுக்கு எழுதின கடிதத்தை எடுத்து உம்மட அம்மான்ர கையில குடுத்தது நீர்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு யோசிப்பீர். அவனே சொன்னவன். செபவீட்டுக் குசினியில வேலை செய்த ஒருத்தற்ர போனை வாங்கி என்னோட கதைச்சவன். "தங்கச்சிதான் குடுத்தவள். அவளோட கோவிக்காதை, அவள் பயந்திட்டாள்" எண்டான். நான் கோவிக்கேல்லை. நீர் எழுதிற வரைக்கும் கோவிக்கேல்லை.

ஐஞ்சு கல்லறையில நிண்டு ஆர் ஆர் குற்றவாளி எண்டு சொல்லப்போறீர். அம்மா, போதகர், ஊர், ஓடின நான். உம்மட நடையில நீர் எந்த இடத்தில நிக்கிறீர்?

நிமலன்


ஊர்காவற்றுறை
29.10.2023

நிமலன் அண்ணைக்கு,

உங்கட கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூண்டு நாள் எழுத ஏலாமல் இருந்தன்.

ஓம். நான்தான்.

அண்ணான்ர மழைக்கோட்டைத் தோய்க்க எடுத்தனான். உள்பொக்கற்றில பொலித்தீன் பையில சுத்தி உங்கட கடிதம் இருந்தது. வவுனியாவில ஒரு வீடு பாத்திருக்கிறன், தை மாதம் இடமாற்றம் கேக்கப்போறன், நீயும் வா, அங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாது எண்டு எழுதியிருந்தீங்கள். கிணத்தடியில இருந்து நாலு தரம் வாசிச்சன்.

எனக்கு அப்ப இருவத்திரண்டு. அந்த வருசம்தான் எனக்குள்ள என்ன இருக்கு எண்டு விளங்கத் துவங்கின வருசம். கூடப் படிச்ச ஒருத்தியைப் பாத்தா எனக்குக் கதை வராது. நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லி அதை அடக்கிக்கொண்டு இருந்தனான். உங்கட கடிதத்தை வாசிக்க, என்னைப்பற்றி ஆரோ எழுதி வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைச்ச மாதிரி இருந்தது. அண்ணாவுக்கு இருக்கெண்டால் எனக்கும் இருக்கு. அவரைச் சுகப்படுத்தினால் என்னையும் சுகப்படுத்தலாம். இப்பிடித்தான் யோசிச்சனான், சத்தியமா. அம்மா மீன் வெட்டிக்கொண்டு இருந்தவா. ஈரக் கையோட வாங்கினவா. வாசிச்சிட்டு அடுப்புக்குள்ள வைச்சவா.

அண்ணாவைக் கொண்டுபோகேக்க வான் கண்ணாடிக்குள்ளால என்னைப் பாத்தவர். அவருக்குத் தெரியாது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தன். தெரிஞ்சுகொண்டுதான் பாத்தவரா? கோவிக்காதை எண்டும் சொன்னவரா?

உங்கட வீட்டு ஆக்கள்தான் சொன்னவை எண்ட கதையை ஊரில கட்டிவிட்டது நான் இல்லை. ஆனா ஆரோ சொல்லேக்க இல்லை எண்டு நான் சொல்லேல்லை. பேந்து அதை உங்களுக்கே எழுதினன். அதுக்கு எனக்கு மன்னிப்பு இல்லை.

உங்கட வீட்டுக்குப் போனது வெருட்டத்தான். உண்மையை எழுதுறன். துஷாந்தி அக்காவுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வாறது எண்டுதான் பஸ் ஏறினனான். அவ பலகாரம் கொண்டுவந்து வைச்சிட்டு, "அவர் பழைய ஆக்களைப்பற்றிக் கதைக்கவேமாட்டார், நீங்கள் வந்தது சந்தோசம்" எண்டா. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லாமலே திரும்பி வந்தன்.

ஒண்டு கேக்கவேணும். அண்ணா உங்களோட போனில கதைச்சவர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எப்ப? என்னத்துக்குக் கதைச்சவர்? நீங்கள் என்ன செய்தனீங்கள்?

நடை நடக்கும். அனுமதி இல்லை. பிறகும் நடக்கும்.

பிரேமினி


அனலைதீவு
01.11.2023

தங்கச்சி,

தபாலில போட்டால் சனிக்கிழமைக்கு முதல் வராது. நிலக்ஷன் எண்டு எங்கட பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர், நாளைக்கு ஊர்காவற்றுறைக்கு வாறார். ஒட்டின உறையாக் குடுத்துவிடுறன்.

கேட்டதுக்குப் பதில்.

டிசம்பர் ஏழாம் திகதி, புதன்கிழமை, விடியக் கதைச்சவன். "வயித்துக்குத்து தாங்கேலாமல் கிடக்கு. செபம் செபம் எண்டு தண்ணியும் தருகினம் இல்லை. வந்து கூட்டிக்கொண்டு போ" எண்டான். அவன் என்னட்ட ஒண்டும் கேட்டதே இல்லை. அதுதான் முதல்த் தரம்.

போனனான். லீவு போட்டு, மூண்டு பஸ் மாறி, ரெண்டு மணிக்குக் கேற்றடியில நிண்டன். போதகர் வந்தார். வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாதையான கதை. "நீர் ஆர் அவருக்கு?" எண்டு கேட்டார். தங்கச்சி, நான் தமிழ் படிப்பிக்கிறவன். அதுக்கு ஒரு சொல் எனக்கு வரேல்லை. "அவற்ர லோஞ்சில போய்வாற வாத்தியார்" எண்டன். "தம்பி நல்லா இருக்கிறார். கர்த்தர் கிரியை செய்துகொண்டிருக்கிறார். குழப்பாமல் போய்வாரும்" எண்டார்.

உள்ளுக்குக் கிணத்தடியில உம்மட அம்மா நிண்டவா. என்னைக் கண்டவா. நானும் அவவைக் கண்டன். ஒராளும் வாய் திறக்கேல்லை.

கேற் பூட்டக்கூட இல்லை. தள்ளியிருந்தால் திறந்திருக்கும். நான் தள்ளேல்லை. திரும்பி வந்து பஸ் ஏறினன். ஒன்பதாம் திகதி லோஞ்சில வந்த ஆக்கள் செய்தி சொல்லிச்சினம். அண்டைக்கு ரெண்டு பாடம் எடுத்தனான். என்ன படிப்பிச்சன் எண்டு தெரியாது.

மூண்டு மாதத்தில கலியாணம் முடிச்சது மறந்ததால இல்லை. தனிய இருக்கப் பயம். என்னை ஆரும் "நீர் ஆர்" எண்டு திரும்பக் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேணும். துஷாந்தியை அதுக்குத்தான் பாவிச்சனான். அது அவவுக்குச் செய்த பிழை, உமக்கு இல்லை.

பேரைச் சொல்லுறதெண்டால் சொல்லும். நான் இனி மறிக்கமாட்டன். ஆனா கேற்றையும் சொல்லும்.

நிமலன்


ஊர்காவற்றுறை
07.11.2023

அன்புள்ள நிமலன் அண்ணைக்கு,

நடந்ததை நடந்த மாதிரி எழுதுறன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவாமியிட்டத் திரும்பப் போனன். "அனுமதி கேக்க வரேல்லை. நாளைக்கு நாங்கள் வாறம் எண்டு சொல்ல வந்தனான்" எண்டன். பேந்து, "இது மரிச்ச ஆத்துமாக்களின்ர மாதம். மெழுகுதிரி கொளுத்த வாற ஆரையும் நான் கேற்றில மறிக்கிறேல்லை" எண்டார். அவ்வளவுதான். ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தன்.

சனி காலமை பதினேழு பேர் வந்தவை. கேற்றடியில எங்கட மாமான்ர மகன் ஜெனிஸ்ரன், இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நிண்டான். ஒருத்தன் போனில வீடியோ எடுத்தான். "இது கோயில்க் காணி. உங்கட ஊத்தையளை வேற எங்கையும் கொண்டுபோங்கோ" எண்டு கத்தினான். கொழும்பில இருந்து வந்த ஒரு பிள்ளை, பத்தொன்பது இருக்கும், அழத் துவங்கிட்டுது. நான் மெழுகுதிரியைக் குடுத்து, "என்ர முதுகைப் பாத்துக்கொண்டு நட" எண்டன். உள்ளுக்குப் போனம். அவங்கள் பின்னால வந்தாங்கள், ஒரு பத்தடி விட்டு.

ராணியக்கான்ர கல்லறையில நான் கதை சொல்லேக்க, அன்னம்மா எண்டு வலைக்காரப் பொம்பிளை ஒருத்தி, பக்கத்துக் கல்லறையில புல்லுப் பிடுங்கினவ, எழும்பி வந்து, "பிழை சொல்லுறாய் பிள்ளை. மயிரை வெட்டினது தம்பிமார் இல்லை, தம்பிமாற்ர பெடியள், பெறாமக்கள்" எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பேந்து மரியப்பிள்ளை, எலிசம்மாவின்ர கல். மற்ற ரெண்டு. ஒவ்வொண்டிலயும் ஒரு திரி. ஜெனிஸ்ரன் இடைக்கிடை கத்தினான். நான் சத்தத்தைக் கூட்டிக் கதைச்சன்.

அண்ணான்ர கல்லடிக்குப் போகேக்க அங்க அம்மா நிண்டவா. நான் சொல்லேல்லை அவவுக்கு. கையில ஒரு சின்ன விளக்குமாறு. அவவைக் கண்டதும் ஜெனிஸ்ரன் வாயை மூடினான்.

நான் எழுதி வைச்ச பேப்பரை எடுக்கேல்லை. "இவர் என்ர அண்ணா அன்ரனிதாஸ். லோஞ்ச் ஓடினவர். ஒருத்தரை விரும்பினவர், அவரும் இவரை விரும்பினவர். வேற ஊருக்குப் போய்ச் சேர்ந்து இருக்க வீடும் பாத்தவை. அந்தக் கடிதத்தை எடுத்து வீட்டில குடுத்தது நான். அதால அவரைச் செபவீட்டுக்குக் கொண்டுபோச்சினம், அங்க வருத்தத்துக்கு மருந்து குடுக்காமல் செத்தவர். பன்னிரண்டு வருசம் இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டன். அவ்வளவும்தான் சொன்னன். உங்கட பேர் சொல்லேல்லை, லோஞ்சில போன வாத்தியார் எண்டும் சொல்லேல்லை. கேற்றைச் சொல்லச் சொன்னீங்கள். அது நீங்கள் சொல்லவேண்டியது, நான் இல்லை.

வீடியோ எடுத்தவன் போனைக் கீழ இறக்கிட்டான். அம்மா என்னை நிமிந்து பாக்காமல் கல்லைக் கூட்டி முடிச்சிட்டு வீட்டை போட்டா.

ஞாயிறு பூசை முடிஞ்சு வரேக்க, றோட்டில நடந்துகொண்டே கேட்டா: "அந்தப் பெடியன் இப்ப எங்க?"

நான் சொல்லேல்லை. உங்களிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும். சொல்லட்டோ?

பிரேமினி


இறுப்பிட்டி
26.11.2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டில் இருந்து எழுதுகிறேன். இதுவரை ஒன்றும் இங்கிருந்து எழுதியதில்லை.

நீங்கள் சேமக்காலையில நடந்துகொண்டிருந்த அதே காலமை, நான் குசினி வாசலில நிண்டு துஷாந்திக்குச் சொன்னனான். எல்லாத்தையும். அவ தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவா. முழுத் தேங்காயும் துருவி முடியும் வரைக்கும் நிப்பாட்டேல்லை. பேந்து கையைக் கழுவிட்டுத் தர்சனான்ர அறைக்குப் போட்டா. அண்டு சமையல் இல்லை. அடுத்தநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டா: "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு உங்களுக்குத் துக்கமோ?" ஓம் எண்டன். "நீங்கள் வெக்கப்படுறீங்கள் எண்டெல்லோ அம்மா எனக்குச் சொன்னவா" எண்டா. அவவின்ர முகத்தை நான் பாக்கவேணுமெண்டு பாத்தன். அதுக்குப் பிறகு வீட்டு அலுவல் மட்டும்தான் கதைக்கிறா.

உம்மட கடிதத்துக்கு நான் பதில் போடமுதலே வேற ஒண்டு நடந்திட்டுது. முந்தநாள் வெள்ளிக்கிழமை லோஞ்சால இறங்கி, பஸ்சை விட்டிட்டுச் சேமக்காலைக்கு நடந்தன். நல்ல வெளிச்சம். எந்தக் கல் எண்டு எனக்குத் தெரியாது. தேடிக்கொண்டு நிக்க, ஒரு குரல், "அது இந்தப் பக்கம்" எண்டுது. உம்மட அம்மா.

மெலிஞ்சுபோனா. ஆனாத் தெரிஞ்சுது. அவவுக்கும் என்னைத் தெரிஞ்சுது.

நான் கல்லைப் பாத்துக்கொண்டு நிண்டன். "ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை?" எண்டு கேட்டா.

"வந்தனான் அம்மா. அங்க கேற்றடிக்கு வந்தனான். நீங்களும் கண்டனீங்கள்" எண்டன்.

"கண்டனான். நீ உள்ளுக்கு வருவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நீங்கள் கூப்பிடுவியள் எண்டு நான் நிண்டனான்."

அவ கல்லில கையை வைச்சுக்கொண்டு இருந்திட்டா. நான் பிடிக்கப் போனன், வேண்டாம் எண்டு தலையாட்டினா. "நீ வந்திருந்தால் அவங்கள் மறிச்சிருக்கமாட்டாங்கள். நான் கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய். அந்தப் போதகர் எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. நாங்கள்தான்" எண்டா. நான் சத்தம் போட்டு அழுதனான், தங்கச்சி. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, பட்டப்பகலில, றோட்டால போற சனம் பாக்க.

போகேக்க சொன்னா, "ஒன்பதாம் திகதி அவன்ர பேருக்குப் பூசை. வா" எண்டு.

வீட்டை வந்து இதையும் துஷாந்திக்குச் சொன்னன். இனி அவவுக்கு ஒளிக்கிறேல்லை எண்டு முடிவு. தானும் வாறன் எண்டா. ஏனெண்டு சொல்லேல்லை. கேக்க எனக்கும் பயமாக் கிடக்கு. என்னோட இருக்கவோ, அவனைப் பாக்கவோ, என்னை விட்டிட்டுப் போறதுக்கு முதல் ஒருக்காத் தெரிஞ்சுகொள்ளவோ தெரியேல்லை.

உங்கட கோயிலில எனக்கு ஒரு முறையும் தெரியாது. எங்க இருக்கிறது, எப்ப எழும்புறது எண்டு எழுதும். பின்னுக்கு நிண்டாலும் காணும்.

அன்புடன்
நிமலன்


ஊர்காவற்றுறை
01.12.2023

அன்புள்ள நிமலன் அண்ணைக்கு,

பூசை காலமை ஆறரைக்கு. மற்றச் சனம் எழும்பேக்க எழும்புங்கோ, இருக்கேக்க இருங்கோ, அவ்வளவுதான்.

பின்னுக்கு நிக்கவேண்டாம். முன் வாங்கில இருக்கிறது குடும்ப ஆக்கள். அம்மாவுக்குப் பக்கத்தில ரெண்டு இடம் விட்டு வைக்கிறன்.

பிரேமினி